நடக்காத கச்சேரியின் விமர்சனம்

இசையரங்கின் பின்னறை அலமாரியில் ரசிகர்கள் ஜெராக்ஸ் எடுத்து விற்ற ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. ஒருநாள் அதன் பக்கத்தில் நரம்பறுந்த கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். பத்திரிகைக்குப் பகீரென்றது. கச்சேரி முடிந்து வருபவர்களிடம் வாசலிலேயே விற்றுவிடும் அவசரத்தில், அந்தக் கிட்டாரின் கச்சேரிக்கு முன்பே அதில் விமர்சனம் எழுதிவிட்டிருந்தார்கள். ஆனால் அன்று மழையில் கரண்ட் போய்க் கச்சேரியே நடக்கவில்லை.

“தம்பி, என்னைப் பத்தி எழுதியிருக்கியாமே? படி, கேப்போம்.”

“எழுத்தெல்லாம் மங்கிப்போச்சுண்ணே.”

“கதை விடாதே. படி.”

பத்திரிகை படித்தது: “கடைசிப் பாட்டில் கிட்டார் தனியே வாசித்தபோது, டீக்காரர்கூட கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.”

பத்திரிகைக்குத் தன் ஸ்டேப்ளர் பின்னே கழன்றுவிடும்போல் இருந்தது.

“இன்னொரு தடவை படிடா,” என்றது கிட்டார். “அந்த டீக்காரர் கெட்டிலை வெச்ச இடத்தை.”