மெல்போர்னில் சொர்க்கவாசல்

மார்கழியில் டிக்கெட் போட்டது தன் தப்புதான் என்று சித்தார்த்துக்குத் தெரியும். மெல்போர்னுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் சடகோபன் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்ரீரங்கத்தில், கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். சொர்க்கவாசல் திறப்புக்கு அவர் ஊரில் இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

வைகுண்ட ஏகாதசியன்று காலை, மனைவி தேவதர்ஷினி வேலைக்குக் கிளம்பிப் போனதும், சித்தார்த் பெரிய டிவியில் நேரலையைப் போட்டான்.

“வாங்கோ மாமா. கூட்டத்துல இடிபடாம சேவிக்கலாம்.”

சடகோபன் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சொர்க்கவாசல் கதவு திறந்தது. “ரங்கா, ரங்கா” என்று திரையில் கூட்டம் முழங்க, மாமியார் வேதவல்லி எழுந்து கைகூப்பினாள். சடகோபன் மட்டும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேர்ல சேவிக்கற மாதிரி வராதுதான். மன்னிச்சுக்கோங்கோ மாமா.”

“நேர்லயா?” வேதவல்லி சிரித்துவிட்டாள். “அந்தக் கூட்டத்துல, போலீஸ் தடுப்பைத் தாண்டி யார் போறா மாப்பிள்ளை? வருஷா வருஷம் இவரும் ஆத்துல உட்கார்ந்துண்டு டிவியிலதான் சேவிக்கறார்.”

இத்தனை நாள் வீணாகக் குற்றவாளியாக நின்றோமே என்று சித்தார்த்துக்குக் கோபம் வந்தது.

“அப்ப இங்க என்ன மாமா குறைச்சல்?”

சடகோபன் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“டிவி எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும் மாப்பிள்ளை. ஆத்துல அதுக்குள்ள ஜன்னல் வழியா சத்தம் வந்துடும். கதவு திறந்தாச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் நான் டிவியையே பார்ப்பேன்.”