தட்டில் கடைசியாக நின்றது

'பலவகை பிஸ்கட்' என்று அச்சடித்த டப்பாவில் ஓர் உப்பு பிஸ்கட் இருந்தது. விருந்தாளி வந்தால் அதையும் தட்டில் அடுக்குவார்கள். வந்தவர்கள் க்ரீம் பிஸ்கட்டையும் முந்திரி பிஸ்கட்டையும் எடுப்பார்கள். இது டப்பாவுக்கே திரும்பும்.

"யாருக்கும் வேண்டாத என்னை எதுக்கண்ணே சேர்த்தாங்க?" என்று டப்பாவிடம் கேட்டது.

"நீ இல்லாட்டி என்மேல 'பலவகை'ன்னு எப்படிடா போடுறது?"

"அப்ப, திங்கிறதுக்கு இல்லையா?"

டப்பா மூடியை இறுக்கிக்கொண்டது.

மற்றதெல்லாம் தீர்ந்த நாளில் உப்பு பிஸ்கட் தனியாகத் தட்டில் போய் நின்றது. "இப்பத்தாங்க சாப்பிட்டு வந்தேன்" என்று விருந்தாளி தட்டைத் தள்ளினார். நமத்துப்போனதைக் குப்பையில் போட்டார்கள்.

மறுநாள் புது டப்பா பிரித்தார்கள். "இன்னைக்கு யாரு வர்றாங்க?" என்று அதிலிருந்த உப்பு பிஸ்கட் ஆசையாகக் கேட்டது.

கடுகு நிரப்பியிருந்த பழைய டப்பா பேசாமல் இருந்தது.