தோளில் ஒரு சம்மதம்

பெரிய விஷயம் எதுவானாலும் என் மனைவி ஹஃபீசாவிடம் பைக்கில் போகும்போதுதான் கேட்பேன். வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். பின்னால் உட்கார்ந்து என் தோளில் மோவாயை வைத்திருப்பவள் வாய் திறக்க மாட்டாள். மோவாயால் இரண்டு தட்டு தட்டுவாள். அதுதான் சம்மதம்.

தங்கச்சி குடும்பம் எங்கள் மாடியில் குடியேறியதும், மகளுக்கு என் அம்மா பெயரை வைத்ததும் அப்படித்தான். "எம் பொண்டாட்டி எதுக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல" என்று கடைத்தெருவில் பீற்றிக்கொள்வேன்.

அடுத்துக் கேட்க வேண்டியது சவூதி வேலை. பின் சீட்டில் இடுப்பு வலிக்கிறது என்று அவள் முனகுவதால், அவளைக் குளிர்விக்க முதலில் வண்டியைச் சரிசெய்யக் கொடுத்தேன்.

"எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு பாய். ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்துக் கெடக்கு" என்றார் பெரம்பலூர் மெக்கானிக் சாமிக்கண்ணு. புதிது மாட்டி, முன் ஃபோர்க்கையும் பிரித்து ஆயில் சீல் மாற்றினார்.

மறுநாள் வண்டி மிதந்து போனது.

"சவூதியில வேலை வந்திருக்கு. ரெண்டு வருஷம் போயிட்டு வரட்டுமா?"

தோளில் தட்டு விழவில்லை. மறுபடியும் கேட்டேன். மோவாய் அசையவே இல்லை.

"என்ன புள்ள, எப்பவும் ஒடனே சரிம்பியே?"

"நான் எப்பங்க சரின்னேன்? வண்டி குதிக்கும், மோவாய் இடிக்கும். அதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. இன்னைக்குத்தான் நாக்கக் கடிச்சுக்காம பேச முடியுது. போவ வேணாங்க."