பாகன் படுத்த பக்கம்

தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு பழங்காவியம் படிப்பதுதான் கோமதியின் வேலை. கடினமான வரிகளோடு மல்லுக்கட்டி அவள் மூளைக்கு ஏறும் கூர்மை, அந்தத் தொப்பி வழியாகச் சந்தா கட்டிய நாலாயிரம் பேரின் மூளைக்குப் போய்விடும். அவர்கள் படிக்க வேண்டியதில்லை. கதை மட்டும் அவளோடு நின்றுவிடும். அதைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள் கிடையாது.

அன்று மேலாளர் கூப்பிட்டார். "ஒருத்தர் புகார் பண்ணியிருக்காரும்மா. நேத்து சாயங்காலம் காரணமே இல்லாம அழுகை வந்துச்சாம். நீங்க அழுதீங்களா?"

நேற்றுச் சாயங்காலம் அவள் படித்தது, போரில் செத்த யானையை ஒட்டிப் பாகன் படுத்துக்கொண்ட இடம்.

"அந்தப் பக்கத்த இனிமே விட்டுடுங்க."

"அவரு பேரு என்ன சார்?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா."

மறுநாள் சாயங்காலம் அதே பக்கத்தைப் பிரித்து, அவருக்காக நிதானமாகப் படித்தாள். பிறகு புகாருக்காகக் காத்திருந்தாள்.