இலவச நகல்

நோயாளியின் மருத்துவப் பதிவுக்குக் கட்டணம் கட்டினால் நகல் கைக்கு வரும். கட்டாதவர்களுக்கும் உண்டு. ஆனால் காத்திருக்கும் கூடத்தில் ஒலிபெருக்கி அதை ஒருமுறை உரக்க வாசித்த பிறகுதான் கொடுப்பார்கள்.

"ரெண்டுல எதுங்க?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"இலவசந்தானுங்க. எங்கப்பனுக்கு மறைக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றான் சபரீஷ். கட்டணத்துக்கென்று அப்பா கொடுத்த பணம் அவன் சட்டைப்பையில் இருந்தது. நகல் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்க்கமாட்டார்கள்.

அவன் வந்து அப்பாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒலிபெருக்கி வாசித்தது.

"மணிவேல். வயது எழுபத்தொன்று. முதுகில் ஆழமான படுக்கைப் புண். ஈரத் துணியோடு நாள்கணக்கில் கிடந்ததால் வந்தது. வீட்டில் மகன் இருக்கிறார். நோயாளியின் வேண்டுகோள்: மகனிடம் சொல்ல வேண்டாம்."

எதிரே இருந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். "அவனெல்லாம் சோறுதான் திங்கறானா? யாருங்க அந்தப் பெரியவரு?"

"யாரோ தெரியலீங்கம்மா," என்றார் அப்பா. "இவன் என்ற பையன். லீவு போட்டுட்டு என்னையக் கூட்டியாந்திருக்கறான்."

"குடுத்து வெச்சவரு நீங்க," என்றாள் அவள்.

சபரீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணிவேல் கூட வந்தவங்க யாரு? நகலை வாங்கிக்குங்க!" என்று கவுன்ட்டரில் இருந்து கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அப்பா அவன் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "அந்தம்மா போகட்டும் கண்ணு. அப்பறம் வாங்கிக்கலாம்."

அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு இட்லியை அவனிடம் நீட்டினாள்.