பிள்ளைக்கு யார் பேர்?

"உலகத்துல உங்களுக்கு வேற ஆம்பளையே கிடைக்கலையா? அந்தச் சோம்பேறி பக்காரி பேரையா என் பிள்ளைக்கு வைப்பீங்க?"

சீரா கத்தியது சமையலறையில்தான். ஆனாலும் கூடத்தில் உட்கார்ந்திருந்த இமாம் காதுவரை போயிருக்கும். பாரிஸை ஒட்டிய மோந்த்ராயில் வீட்டுச் சுவர்களின் லட்சணம் அப்படி.

"மெதுவாப் பேசு, சீரா" என்றான் தெம்பா.

பிள்ளை பிறந்து ஏழாம் நாள். தலை மழித்தாயிற்று. கசாப்புக் கடையிலிருந்து முழு ஆடு வந்து, பாதி அடுப்பிலும் ஏறிவிட்டது. இனி அப்பன்காரன் இமாமிடம் பேரைச் சொல்ல வேண்டும், அவர் பிள்ளையின் காதில் ஓத வேண்டும். மாலியிலிருந்து வந்த அவர்கள் ஜனத்தில் பெரும்பாலும் யாராவது ஒருத்தர் பேரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். அந்த ஒருத்தருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

"பக்காரிங்கறது நபித்தோழர் அபூபக்கர் பேர்தானே? அதுல என்ன குறை?"

"பேர்ல என்ன குறையா? அந்தப் பேர்ல வேலைக்கு மனு போட்டா இந்த ஊர்ல பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டான். எங்க அக்கா பையன் பட்ட பாட்டைத்தான் பார்த்தோமே. ஆதம்னு வைங்க. நபி பேரும் ஆச்சு, இவனுங்க வாயிலயும் நுழையும். என் பிள்ளையாவது தலை நிமிர்ந்து நடக்கட்டும்."

தெம்பா டீத் தட்டில் கோப்பைகளை அடுக்கினான்.

"சரி, பேரை விடுங்க. ஆளைப் பாருங்க. உங்களோட விடுதியில இருந்த சிநேகிதன்தான், இருக்கட்டும். ஊர்ல இருந்து வர்றவன்லாம் இங்க தங்கி வேலை பார்க்கற கார்டு இல்லாம நாய் படாத பாடு படறான். இவருக்கு ஆரம்பத்துலயே கார்டு கிடைச்சுது. என்ன பிரயோஜனம்? விடுதிப் பொதுச்சட்டியில சாப்பிடறது, டீ ஆத்தறது, சந்தையில எவனாவது கூப்பிட்டா ரெண்டு மூட்டை இறக்கறது. இந்த லட்சணத்தைப் பார்த்துட்டுப் பொண்டாட்டியே வேண்டாம்னு போயிட்டா! அவர் பேரைச் சொல்லி நான் என் பிள்ளையை சாப்பிடக் கூப்பிடணுமா?"

தெம்பா என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் முழுங்கிக்கொண்டான்.

"சரி. ஆதம்னே சொல்லிடறேன்" என்று கூடத்துக்குப் போய்விட்டான்.

அப்பாடா என்றிருந்தது சீராவுக்கு. அவன் முகம் போன போக்குதான் கொஞ்சம் உறுத்தியது.

கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் கேக் பெட்டியோடு ஒரு போர்த்துகீசியப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும்.

"பக்காரி வீடு இதுதானே? நான் லூர்தெஸ். சந்தையில பார்த்தப்போ பிள்ளை பிறந்திருக்குன்னு சொன்னான்."

"பக்காரிக்கு ஏதும்மா பிள்ளை? ஆள் உள்ளே இருக்காரு, கூப்பிடறேன்."

அதற்குள் டீத் தட்டு எடுக்கத் தெம்பா வந்தான். பார்த்ததும் அந்தம்மா பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அடேய் பக்காரி! அப்பா ஆயிட்டியே! அம்மா, உன் வீட்டுக்காரனும் நானும் எட்டு வருஷம் ஒரே ஓட்டல் அடுப்படியில நின்னோம். பக்காரி மாதிரி ஒரு வேலைக்காரன் கிடைக்க மாட்டான்னு முதலாளி இன்னும் புலம்பறாரு!"

தெம்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. சீரா அந்தம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள்.

"என்ன இது?"

"எனக்குக் கார்டு கிடைக்கறவரைக்கும் அவன் கார்டைக் காட்டி, அவன் பேர்லதான் வேலை பார்த்தேன். உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. அவனும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டான்."

விடுதிகளில் நடக்காத விஷயமில்லை. கார்டு கொடுக்கிறவன் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வான். சீராவுக்கும் அது தெரியும்.

"எவ்வளவு பிடிச்சுக்கிட்டாரு?"

"ஒரு காசு வாங்கல. சம்பளம் அவன் கணக்குக்குத்தான் வரும். அப்படியே எடுத்து என் கையில கொடுத்துடுவான். அதைத்தான் நான் ஊருக்கு உனக்கு அனுப்பினேன்."

"அப்போ அவரு ஏன் வேலைக்குப் போகல?"

"எப்படிப் போவான்? ஒருத்தன் பேர்ல ரெண்டு இடத்துல முழுநேர வேலை பார்த்தா மாட்டிக்க மாட்டோமா? நீ முதல்ல காலை ஊனுடா, நான் அப்புறம் பார்த்துக்கறேன்னான். எனக்குக் கார்டு வந்தப்புறம் அவன் போய் வேலை கேட்டான். வயசாயிடுச்சுன்னுட்டாங்க."

"பொண்டாட்டி போனாளே, அப்பவுமா சொல்லல?"

"இல்ல. சொன்னா என் வேலை போயிடும்னு பயந்தான்."

சீராவுக்குக் கொஞ்சநேரம் முன்னால் தான் பேசிய பேச்சை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கூடத்தில் பக்காரி அதையெல்லாம் கேட்டுக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தார்!

எட்டிப் பார்த்தாள். இமாம் பிள்ளையைக் கையில் ஏந்தி, அதன் காதருகே குனிந்துகொண்டிருந்தார். ஆம்பளைகள் கூடியிருக்கிற இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. சீரா போனாள்.

"பொறுங்க இமாம்! ஆதம் இல்ல. பக்காரி!"

தெம்பாவின் பெரியப்பா ஹமாராதான் முதலில் சிரித்தார்.

"எந்தப் பக்காரி? அதோ, கூடத்து வாசல்ல செருப்புங்களுக்கு நடுவுல உட்கார்ந்திருக்கானே, அவன் பேரா? அப்படி என்னத்தம்மா கிழிச்சுட்டான் அவன்?"

சீரா இமாமிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். நேரே போய்ப் பக்காரியின் மடியில் கிடத்தினாள். அவர் மிரண்டுபோய் அவளையே பார்த்தார்.

"சும்மா இருந்தாரு, பெரியப்பா. அவர் சும்மா இருந்ததாலதான் நாங்க சாப்பிட்டோம்."