இன்னும் கொஞ்சம் விறைப்பா

"இதுவும் சரிப்படல. வேற காட்டுங்க."

கடைக்காரர் பெருமூச்சை விழுங்கிக்கொண்டு அந்த டென்னிஸ் மட்டையைத் திரும்ப வாங்கினார். மதியத்திலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கால் கெஞ்சியது.

கடையின் பின்பக்கம், மட்டைகளை அடித்துப் பார்ப்பதற்கென்றே வலை கட்டிய நீளமான அறை. எதிர்ச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். எந்த மட்டையைக் கொடுத்தாலும் அந்தப் பெண் அடித்த பந்து பிசகாமல் வட்டத்துக்குள்தான் போய் மோதியது. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"இதுல என்னம்மா குறை? நல்லா வளைஞ்சு கொடுக்கும். பந்து பட்டதே கைக்குத் தெரியாது."

"குறைன்னு எதுவும் இல்ல," என்றாள் அலுப்போடு. "இன்னும் கொஞ்சம் விறைப்பா இருக்கா?"

விறைப்பானதைக் கொடுத்தார். லேசாகத் தட்டினாலே பந்து பறக்கும் ரகம். அதுவும் வட்டத்துக்குள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏதாவது போட்டி வருதாம்மா?"

"நாளைக்கு. எங்க அக்காவோட."

"அக்காவோடயா? சும்மா பொழுதுபோக்குக்கா?"

"இல்ல. எனக்கு ஆடக் கத்துக்கொடுத்ததே அவதான்." நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். "நாளைக்கு விட்டா வேற வாய்ப்பு இல்ல."

கற்றுக்கொடுத்தவளையே கவிழ்க்க இத்தனை பாடா என்று கடைக்காரருக்குக் கசந்தது. யாருமே சீண்டாமல் மேல்தட்டில் கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். தலைப்பக்கம் ஒரே கனம். இரும்புக்கம்பி மாதிரி விறைப்பு.

முதல் பந்து கூரையில் இடித்தது. அடுத்தது வட்டத்தை விட்டு எங்கோ போனது. அடுத்த அடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதறினாள்.

வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு நிம்மதி.

"இதையே கொடுத்துடுங்க."

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "வியாபாரம் போனாலும் போகுது, சொல்லிடறேன். இது உங்க பேச்சைக் கேக்காதும்மா. இதை வச்சுக்கிட்டு நீங்க என்னதான் உயிரைக் கொடுத்து ஆடினாலும் ஜெயிக்க முடியாது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அக்கா வருஷக்கணக்கா சீக்குல கிடந்து இப்பதான் எழுந்து ஆட வந்திருக்கா. நாளைக்கும் தோத்தா இனி மைதானத்துப் பக்கமே வரமாட்டேன்னுட்டா. போன வாரம் வேணும்னே ரெண்டு பந்தை விட்டேன், 'எனக்குப் பிச்சை போடறியா'ன்னு கேட்டுட்டு ஆட்டத்தைப் பாதியில நிறுத்திட்டா. எனக்கு நடிக்கத் தெரியல சார், உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோக்கணும்."